பாடம் 7: ஊர் கூடி ஒரு சிறுவர் தோட்டம்

"வீட்டுக்கே இன்னும் கூரை போடேல்லை. அதுக்குள்ள பிள்ளையளுக்குத் தோட்டமோ?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஊர் திரும்பிய முதல் மாதங்களில் பற்றை வெட்டுவது, கொட்டில் போடுவது, பதிவுகளுக்கு அலைவது என்று பெரியவர்களுக்கு ஓய்வே கிடைக்காது. அந்த நேரத்தில் பிள்ளைகள் எங்கே விளையாடுகிறார்கள் என்று சற்று யோசித்துப் பாருங்கள். முகாமில் வளர்ந்த பிள்ளைக்கு ஊரின் ஒழுங்கைகள் புதியவை. இடிந்த வீடும் பழைய பதுங்குகுழியும் பற்றைக் காணியும் அதற்கு விளையாட்டு இடங்கள். மிதிவெடிகளும் வெடிக்காத எறிகணைகளும் கிடக்கக்கூடியதும் அப்படியான இடங்களில்தான்.

பிள்ளைகள் பயமின்றி ஓடியாட, பெரியவர்களின் கண்பார்வையில் ஒரு துண்டு நிலம் வேண்டும். முன்பள்ளியோடு சேர்ந்த ஒரு சிறு தோட்டம் அதற்குப் பொருத்தமானது.

முதலில் நிலத்தை உறுதிப்படுத்துங்கள்

- மிதிவெடி அகற்றப்பட்டுக் கையளிக்கப்பட்ட நிலம்தானா என்று கிராம அலுவலரிடம் அல்லது பிரதேச செயலகத்தில் கேளுங்கள். எவ்வளவு ஆழம் வரை சோதிக்கப்பட்டது என்றும் கேளுங்கள். அதைவிட ஆழமாகக் கிடங்கு வெட்ட வேண்டாம்.
- பற்றைக்கோ குப்பைக்கோ நெருப்பு வைக்க வேண்டாம். மண்ணுக்குள் வெடிபொருள் இருந்தால் சூட்டில் வெடிக்கக்கூடும்.
- சந்தேகமான பொருளைக் கண்டால் தொட வேண்டாம். உடனே வேலையை நிறுத்தி, வந்த வழியாலேயே திரும்பி, மற்றவர்களை எச்சரித்து, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள்.
- பாவனையின்றிக் கிடந்த கிணற்றுக்குள்ளும் வெடிபொருள்கள் இருக்கலாம். சோதிக்கும் வரை இறங்கவோ இறைக்கவோ வேண்டாம். பாவிக்கத் தொடங்கியபின் கட்டோ மூடியோ இல்லாமல் விட வேண்டாம்.
- இன்னும் திரும்பி வராத குடும்பத்தின் காணியைத் தெரிவு செய்ய வேண்டாம். "சும்மாதானே கிடக்குது" என்று தொடங்கிய வேலை, அவர்கள் வந்த அன்று சண்டையாக முடியலாம். முன்பள்ளி வளவு அல்லது பொதுக் காணியில், உரிய அனுமதி பெற்றுத் தொடங்குங்கள்.

சிரமதானம் ஒரு நாள். தண்ணீர் ஒவ்வொரு நாளும்

சிரமதானத்துக்கு ஆட்களைச் சேர்ப்பது கடினமல்ல. மண்வெட்டியோடு ஐம்பது பேர் வருவார்கள். தேநீர் குடித்து, வேலி அடைத்து, பாத்தி கட்டிவிட்டுப் போவார்கள். மூன்றாம் வாரத்தில்தான் சோதனை. தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் கன்றுகள் வாடும். கடைசியில் முன்பள்ளி ஆசிரியை தனியே வாளி தூக்குவார்.

ஆகவே சிரமதான நாளன்றே, எல்லோரும் கூடியிருக்கும்போதே, முறைப்பட்டியலை எழுதிவிடுங்கள். 14 குடும்பங்கள் சேர்ந்தால் ஒரு குடும்பத்துக்கு இரண்டு வாரத்தில் ஒரு நாள் மட்டுமே முறை வரும். பட்டியலை முன்பள்ளிச் சுவரில் ஒட்டுங்கள். வர முடியாதவர் அடுத்த முறைக்காரரோடு நாளை மாற்றிக்கொள்ளலாம்.

எல்லோராலும் மண் கொத்த முடியாது. தனியாகக் குடும்பம் நடத்தும் தாய் விதை எடுத்துத் தரலாம். காலை இழந்தவர் நாற்றுமேடையைப் பார்க்கலாம். எந்த மண்ணில் எது வரும் என்பது வயதான அம்மம்மாவுக்குத் தெரியும். யாரிடமும் அவரால் முடியாததைக் கேளாதீர்கள். யாரையும் கேளாமலும் விடாதீர்கள்.

என்ன நடலாம்?

வடக்கில் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மழையோடு தொடங்கினால் தண்ணீர்ச் சுமை குறையும். வேலிக்குப் பூவரசு, கிளுவை, முருங்கைக் கதியால்களை நாட்டுங்கள். ஆடு மாடு நுழையாதபடி அடைப்பு இறுக்கமாக இருக்கட்டும். பிள்ளைகள் பலனைச் சீக்கிரம் காண வேண்டும். கீரை மூன்று நான்கு வாரத்தில் பறிக்க வரும். அதன் பின் வெண்டி, பயிற்றை, கத்தரி. பள்ளியில் கை கழுவும் தண்ணீரை வாழைக்கு விடலாம். அலரியும் ஆமணக்கும் நஞ்சு. சிறுவர் தோட்டத்தில் அவை வேண்டாம். சிரட்டை, தகரப்பேணிகளில் தண்ணீர் தேங்கினால் டெங்கு நுளம்பு பெருகும், கவிழ்த்து வையுங்கள்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கன்றைக் கொடுத்து, "இது உன்ரை" என்று சொல்லுங்கள். சின்னப் போத்தலில் அதுவே தண்ணீர் ஊற்றட்டும். பலமுறை இடம்பெயர்ந்த பிள்ளை, நட்டதைப் பறிக்கும் வரை ஓரிடத்தில் இருந்ததில்லை. முதல் வெண்டிக்காயைப் பறிக்கும் நாளில் அதன் முகத்தைப் பாருங்கள்.

கூடிப் பேசுங்கள்

1. எங்கள் பிள்ளைகள் இப்போது எங்கே விளையாடுகிறார்கள்? அந்த இடம் சோதிக்கப்பட்டதா?
2. தோட்டத்துக்கு ஏற்ற பொது நிலம் எது? அனுமதி கேட்க யார் போவது?
3. முறைப்பட்டியலில் முதல் வாரத்துக்கு யார் பெயர் கொடுப்பது?

மூன்றாவது கேள்விக்குப் பதில் எழுதிய பின் கூட்டத்தை முடியுங்கள்.