எரிவாயுவில் ஓடும் பளுதூக்கி வண்டி: பழுது அறிதலும் உறுப்பு மாற்றுதலும்

ரப்பர்த் தொழிற்சாலைகளிலும் அவற்றைச் சார்ந்த கிடங்குகளிலும், ஃபோர்க்லிஃப்ட் எனப்படும் பளுதூக்கி வண்டி இன்று இன்றியமையாத கருவியாகிவிட்டது. எஸ்.எம்.ஆர். தர ரப்பரின் ஒரு பொதி 33⅓ கிலோ எடையுள்ளது. அத்தகைய பொதிகள் 36 அடுக்கப்பட்ட ஒரு பலகைத் தட்டின் எடை 1,200 கிலோ. இதனைத் தோளில் சுமப்பதென்பது நடவாத காரியம். இவ்வண்டிகளுள் டீசலில் ஓடுவன உள. மின்கலத்தில் ஓடுவன உள. திரவ எரிவாயுவில் ஓடுவனவும் உள. இக்கட்டுரை மூன்றாம் வகையைப் பற்றியது.

வண்டியின் பின்புறத்தில் படுக்கைவாக்கில் கட்டப்பட்டிருக்கும் எரிவாயுக் கலனைக் காணும் நம் இளைஞர் பலர், "இது அம்மா சமைக்கும் கேஸ் தோங்தானே!" என்று எண்ணுகின்றனர். உள்ளிருக்கும் பொருளைப் பொறுத்தவரை அவ்வெண்ணம் சரியே. வீட்டில் உள்ள 14 கிலோ கலனிலும் இதே வகை எரிவாயுதான் உள்ளது. ஆயினும் அது கலனைவிட்டு வெளிவரும் வகை வேறு. அவ்வேறுபாட்டை உணர்ந்தவர், வண்டியின் பழுதுகளுள் பலவற்றைக் கருவி ஏதுமின்றிக் கண்ணாலேயே கண்டுபிடித்துவிடலாம். உணராதவர் தமக்கும் உடன் உழைப்பவர்க்கும் ஊறு விளைவிக்கக்கூடும்.

திரவமும் ஆவியும்

திரவ எரிவாயு என்பது புரொப்பேன், பியூட்டேன் ஆகிய இரண்டின் கலவையாகும். புரொப்பேன் சுழியத்திற்குக் கீழ் 42 பாகை செல்சியஸ் குளிரிலேயே கொதித்து ஆவியாகிவிடும். பியூட்டேன் ஏறத்தாழச் சுழியப் பாகையில் கொதிக்கும். நம் நாட்டு வெப்பத்தில் இவற்றைத் திரவமாக வைத்திருப்பது கலனுக்குள் உள்ள அழுத்தமேயாகும். அவ்வழுத்தத்திலிருந்து விடுபட்டதும் ஒரு லிட்டர் திரவம் சுமார் 250 லிட்டர் ஆவியாக விரிகிறது. காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு இவ்வாவி கலந்தாலே தீப்பற்றும். எனவே கசிந்த ஒரே லிட்டர் திரவம் 12,000 லிட்டர் காற்றைத் தீப்பற்றும் நிலைக்குக் கொணரவல்லது. மேலும், இவ்வாவி காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. ஆதலால் மேலே எழுந்து கலைந்து போகாமல், தரையோடு தவழ்ந்து சாக்கடையிலும் பள்ளத்திலும் தேங்கி நிற்கும்.

இனி, திரவம் ஆவியாக மாறுவதற்கு வெப்பம் தேவை. அவ்வெப்பத்தை அது தன்னைச் சூழ்ந்துள்ள பொருளிடமிருந்தே பெறுகிறது. தோட்டத்து மருந்தகத்தில் ஊசி போடுமுன் கையில் ஸ்பிரிட் தடவியதும் சில்லென்று குளிர்வதை அனைவரும் அறிவோம். ஸ்பிரிட் ஆவியாகும்போது நம் தோலின் வெப்பத்தை எடுத்துக்கொள்வதே அதற்குக் காரணம். கோயில் திருவிழாவில் அன்னதானச் சமையல் நடக்கும்போது, பெரிய அடுப்போடு இணைத்த கலனின் கீழ்ப்பாதி வியர்த்து, சில வேளைகளில் பனியும் படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதே விதியால் நேர்வதாகும். வீட்டுக் கலன் நிமிர்ந்து நிற்கிறது; திரவம் கலனுக்குள்ளேயே ஆவியாகிறது; மேலுள்ள வாயின் வழியே ஆவி மட்டும் வெளிவருகிறது. ஒரு டன் பாரத்தைத் தூக்கும் எஞ்சினுக்கு அந்த ஆவி போதாது. ஆகவே, பளுதூக்கியின் கலனிலிருந்து பெரும்பாலும் திரவமே நேராக எடுக்கப்படுகிறது. அது ஆவியாகும் இடம் கலனன்று. எஞ்சினுக்கு அருகில் உள்ள ஆவியாக்கி என்னும் உறுப்பாகும்.

வீட்டுக் கலனை வண்டியில் சாய்த்துக் கட்டி ஓட்டிவிடலாம் என்று எவரேனும் கூறின் அதனை ஒருபோதும் ஏற்றல் ஆகாது. வண்டிக்கென அமைந்த கலனின் உட்குழாய் திரவத்தை எடுப்பதற்காகக் கீழ்நோக்கி வளைந்திருக்கும். அதன் பாதுகாப்பு வால்வு ஆவி நிற்கும் மேற்பகுதியில் இருக்கும். இவ்விரண்டும் சரியான நிலையில் அமைய வேண்டியே, கலனின் கழுத்து வளையத்தில் உள்ள துளை வண்டியின் முளையில் பொருந்துமாறு செய்யப்பட்டுள்ளது. முளையில் பொருந்தாத கலன் வண்டிக்கு உரியதன்று.

எரிவாயு செல்லும் வழி

கலனின் வால்விலிருந்து புறப்படும் திரவம், கையால் திருகும் கப்ளிங்கைக் கடந்து, கம்பி வலை பின்னிய உயர் அழுத்தக் குழாயில் செல்கிறது. அடுத்து வடிகட்டி. அதனோடு ஒட்டியே அடைப்பு வால்வு உள்ளது. எஞ்சின் நின்றவுடன் வழியைத் தானே அடைத்துவிடுவது இதன் பணி. அதனை அடுத்து ஆவியாக்கி. ரேடியேட்டரின் சுடுநீர் இதனுள் சுற்றி ஓடித் திரவத்திற்கு வெப்பம் தருகிறது. உள்ளிருக்கும் டயப்ரம் எனும் மெல்லிய தகடுகள் அழுத்தத்தைக் குறைக்கின்றன. இறுதியில் மிக்சர் என்னும் கலப்பான் ஆவியையும் காற்றையும் அளவாகக் கலந்து எஞ்சினுக்குள் செலுத்துகிறது. ஆவியாக்கி வரையில் திரவம், அதற்கப்பால் ஆவி என்பதை மனத்தில் இருத்திக்கொள்க.

பனி படியும் இடம்

இவ்விதி தெரிந்தவர்க்குப் பனியே ஆசிரியராகும். நம் நாட்டில் பனி இயற்கையாகப் படிவதில்லை. எனவே இவ்வமைப்பில் எவ்விடத்தில் பனி வெண்மையாகப் படிகிறதோ, அவ்விடத்தில் திரவம் ஆவியாகிக் கொண்டிருக்கிறது என்பது உறுதி. ஆவியாகக் கூடாத இடத்தில் ஆவியாயின் பழுதும் அங்கேயே உள்ளது.

வடிகட்டியின்மீது பனி படிந்தால் அதனுள் அழுக்கு அடைத்துள்ளது எனலாம். குறுகிய வழியைக் கடக்கையில் அழுத்தம் குறைந்து திரவம் அங்கேயே ஆவியாகிறது. இத்தகைய வண்டி வெறுமனே நிற்கும்போது ஒழுங்காக உறுமும். பாரத்தைத் தூக்கியதும் திணறும். கலனே குளிர்ந்து பனி படர்ந்து, வண்டியும் வலுவிழந்தால், கலன் தவறான நிலையில் பொருத்தப்பட்டுத் திரவத்திற்குப் பதிலாக ஆவி எடுக்கப்படுகிறதா எனப் பார்க்க வேண்டும். கப்ளிங்கில் மட்டும் பனி இருப்பின், வால்வு முழுமையாகத் திறக்கப்படவில்லை, அல்லது அங்குக் கசிவு உள்ளது.

ஆவியாக்கியின்மீது பனி படிவது இவற்றுள் மிகுதியும் காணப்படுவது. மிகுதியும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுவே. அங்குத் திரவம் ஆவியாக வேண்டியது முறைதான். ஆனால் சுடுநீர் சரிவரச் சுற்றினால் பனி படியாது. பனி படிகிறதெனின் வெப்பம் வந்து சேரவில்லை என்பது பொருள். ரேடியேட்டரில் நீர் குறைந்திருக்கலாம். நீர்க் குழாய் மடிந்தோ அடைபட்டோ இருக்கலாம். உள்ளே காற்று சிக்கியிருக்கலாம். இவ்வண்டி சிறிது நேரம் வேலை செய்து நின்றுவிடும். அரைமணி நேரம் ஓய்ந்தபின் மீண்டும் ஓடும். ஓய்வு நேரத்தில் சுற்றுப்புற வெப்பம் பனியைக் கரைத்துவிடுவதே காரணம். இதனை அறியாமல் ஆவியாக்கியையே கழற்றி மாற்றிவிடுவோர் உளர். வேறு சிலர் கெண்டியிலிருந்து வெந்நீர் ஊற்றி வண்டியை ஓட்டிவிடுகின்றனர். முன்னது வீண் செலவு. பின்னது நோயை மறைக்கும் வைத்தியம். எஞ்சின் நன்கு ஆறிய பின்னர் ரேடியேட்டரின் மூடியைத் திறந்து நீரின் மட்டத்தைப் பார்ப்பதே முதற்படி. சூடாக இருக்கையில் மூடியைத் திறத்தல் கூடாது.

வண்டி கிளம்பாவிடில்

கலனை மாற்றியவுடன் வண்டி கிளம்ப மறுத்தால் வால்வை எவ்வாறு திறந்தீர்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். குழாய் அறுந்துவிட்டால் திரவம் பீறிட்டு ஓடாதிருக்கும்பொருட்டு, கலனில் மிகையோட்டத் தடுப்பு ஒன்று உள்ளது. வால்வை வேகமாகத் திருகினால் குழாய் அறுந்ததாகவே அத்தடுப்பு கருதி, வழியை அடைத்துவிடும். வால்வை மூடிச் சில நொடிகள் பொறுத்து, மெதுவாகத் திறந்தால் சரியாகிவிடும். பழுதே இல்லாத இவ்வொன்றுக்காகப் பட்டறைக்குச் செல்லும் வண்டிகளின் எண்ணிக்கை சிறிதன்று.

அடுத்து, எரிவாயுவைக் குறை கூறுமுன் ஸ்பார்க் பிளக்கைக் கவனிக்க. எரிவாயுக் கலவையைப் பற்றவைப்பதற்குப் பெட்ரோலுக்கு வேண்டியதைவிட வலுவான தீப்பொறி தேவைப்படுகிறது. தேய்ந்த பிளக்கும் பழைய கம்பியும் பெட்ரோல் வண்டியில் ஒருவாறு சமாளிக்கும், இங்குச் சமாளிக்கமாட்டா. காற்று வடிகட்டியில் தூசு அடைந்திருந்தாலும் எரிபொருள் மிகுதியாகச் செலவாகும். எரிவாயுவிலுள்ள எண்ணெய்ப் பசை ஆவியாக்கியின் அடியில் தங்குவதும் உண்டு. காலப்போக்கில் அது டயப்ரத்தை விறைக்கச் செய்யும். பராமரிப்பின்போது அப்பசையை வடித்துவிடுமாறு இயந்திரப் பணியாளரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

மணமும் சவர்க்கார நீரும்

எரிவாயுவுக்கு இயல்பில் மணம் இல்லை. கசிவை அறிவதற்காகவே நாற்றமுடைய பொருள் ஒன்று சேர்க்கப்படுகிறது. நாற்றம் எழுந்தால் எஞ்சினை நிறுத்திக் கலனின் வால்வை மூடுதல் வேண்டும். மின்விசிறியைப் போடுவதும் கூடாது. ஓடுவதை நிறுத்துவதும் கூடாது. சுவிட்சில் எழும் சிறு பொறியே போதும். வால்வை மூடியும் கசிவு நில்லாவிடில் அனைவரும் காற்று வரும் திசையை நோக்கி அகன்று, தொலைவிலிருந்து 999 எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

சிறு கசிவு உள்ள இடத்தைக் கண்டறியச் சவர்க்கார நீரைவிடச் சிறந்த கருவி இல்லை. வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி, சாக்கடைக்கு அருகில் இல்லை என்பதை உறுதிசெய்து, எஞ்சினை நிறுத்திய பின்னர் வால்வை மெதுவாகத் திறந்து, ஒவ்வோர் இணைப்பிலும் நீரைத் தடவினால் குமிழி எழும் இடம் தெரியும். தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் வழக்கம் எங்கேனும் எஞ்சியிருந்தால் அது இன்றே ஒழிதல் வேண்டும்.

உறுப்பு மாற்றுமுன்

எந்த உறுப்பில் கை வைக்குமுன்னும் குழாயைக் காலி செய்தல் வேண்டும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையிலேயே கலனின் வால்வை மூடிவிடுக. குழாயில் எஞ்சிய திரவத்தை எரித்துத் தீர்த்தபின் எஞ்சின் தானே நின்றுவிடும். அதன்பின் சாவியைத் திருப்பி எடுத்து, கையுறை அணிந்து, கப்ளிங்கைச் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். தோலில் பட்ட திரவம் தீயைப் போன்றே சுடும், அதுவும் புண்ணாகும். பட்டுவிட்டால் தேய்க்காமல் வெதுவெதுப்பான நீரில் நனைத்து மருத்துவரிடம் செல்க.

ஓட்டுநர் தாமே மாற்றத்தக்கவை கலனும், கப்ளிங்கின் உள்ளிருக்கும் ஓ ரிங் அல்லது வாஷரும் மட்டுமே. இந்தச் சிறு வளையத்தைப் பற்றி ஒரு சொல். ரப்பரையே தொழிலாகக் கொண்ட நாம், வளையம் தேய்ந்தால் சைக்கிள் டியூபை வெட்டி ஒன்று செய்துவிடலாமே என நினைப்பது இயல்பு. பால்மரத்திலிருந்து வரும் இயற்கை ரப்பர் டயருக்குச் சிறந்தது, கையுறைக்கு ஏற்றது. ஆயினும் எரிவாயுவும் எண்ணெயும் பட்டால் அது உப்பி, மென்மையாகி, வலிமை இழக்கும். அதனாலேயே நைட்ரைல் முதலான செயற்கை ரப்பர்களால் இவ்வளையங்கள் செய்யப்படுகின்றன. எரிவாயுவுக்கென விற்கப்படும் வளையத்தையன்றி வேறெதனையும் இடுதல் கூடாது. வீட்டு அடுப்பின் குழாய்க்கும் இது பொருந்தும். புதிய வளையத்தை இட்டபின் கப்ளிங்கைக் கையால் மட்டுமே இறுக்குக. சாவி கொண்டு முறுக்கினால் வளையம் நசுங்கிவிடும்.

குழாயில் வெடிப்போ, உப்பலோ, பின்னல் கம்பி தெறித்த இடமோ தென்பட்டால் ஒட்டுப் போடாமல் முழுவதையும் மாற்றவேண்டும். அதனையும், வடிகட்டி, அடைப்பு வால்வு, டயப்ரம் ஆகியவற்றையும் மாற்றுவது பயிற்சி பெற்ற இயந்திரப் பணியாளரின் வேலை. மாற்றியபின் மீண்டும் சவர்க்கார நீர்ச் சோதனை செய்யப்படுவதை ஓட்டுநர் அருகிலிருந்து காண்பது நலம்.

கலப்பானின் திருகை ஓசையைக் கேட்டுத் திருப்பும் பழக்கம் அறவே ஆகாது. எரிவாயு மிகுந்து காற்றுக் குறைந்தால் புகையில் கார்பன் மோனாக்சைடு பெருகும். அதற்கு நிறமில்லை, நாற்றமுமில்லை. கதவு மூடிய பொதிக் கிடங்கில் பணிபுரிவோர்க்குத் தலைவலியும் குமட்டலும் ஒருசேர வந்தால் உடனே வெளியேறிக் காற்றோட்டத்தில் இருத்தல் வேண்டும். கலவையைச் சரிசெய்வது புகையை அளக்கும் கருவி உள்ளவர்க்கே உரியது.

நாற்றம் அடிக்கும் வண்டியை "இன்று மட்டும் ஓட்டு" என்று யாரேனும் பணித்தால் என் செய்வது? 1994ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு, அத்திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. உடனடி அபாயம் உண்டென நம்புவதற்குத் தக்க காரணம் உள்ள தொழிலாளி, முதலாளி அவ்வபாயத்தை நீக்கத் தவறுமிடத்து, அவ்விடத்தைவிட்டும் அவ்வேலையைவிட்டும் விலகிக்கொள்ள இத்திருத்தம் உரிமை வழங்குகிறது. வாய்மொழியாகச் சொல்வதோடு நில்லாமல், வண்டியின் பதிவேட்டில் தேதியும் நேரமும் இட்டு, பனி படிந்த இடத்தையோ நாற்றம் எழுந்த இடத்தையோ தெளிவாக எழுதி, சாவியை மேற்பார்வையாளரிடம் ஒப்படைக்க. ஓட்டுக் கைச்சக்கரத்தில் அறிவிப்பு அட்டை ஒன்றையும் கட்டிவிடல் வேண்டும். இரவு வேலைக்கு வருபவர் பதிவேட்டைப் பாராமலே வண்டியில் ஏறிவிடக்கூடும்.