கடைசி அரை மைலுக்கான படகு

"அண்ணே, எத்தனை குதிரை எஞ்சின் வைக்கலாம்?" ஃபைபர் படகு வாங்கப் போகும் பையன்கள் எல்லாரும் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "தண்ணி வத்துன நேரத்துல உன் படகு எங்கப்பா நிக்கும்?" அதற்குப் பதில் வராவிட்டால் எஞ்சினைப் பற்றிப் பேசுவதில்லை.

எங்கள் கரை அப்படி. தேவிபட்டினத்திலிருந்து திருப்பாலைக்குடி, மோர்ப்பண்ணை, காரங்காடு, முள்ளிமுனை, தொண்டி என்று வடக்கே போனால் பல இடங்களில் மணலைவிடச் சேறுதான் அதிகம். கடலுக்குள் வெகுதூரம் நடந்த பிறகுதான் தண்ணீர் இடுப்புக்கு வரும். படகைக் கரையில் இழுத்துப் போட வழியில்லாத இடங்களில் தள்ளியே நங்கூரம் போட்டுவிட்டு, ஐஸ் பெட்டியையும் மண்ணெண்ணெய் கேனையும் சுமந்துகொண்டு நடக்க வேண்டும். பாக் நீரிணையே ஆழமில்லாத கடல். பெரும்பகுதி 15 மீட்டருக்குள் அடங்கிவிடும். நண்டு வலை விடும் நாங்கள் இரண்டு பாகம், மூன்று பாகம் தண்ணீரிலேயே பிழைக்கிறோம். ஒரு பாகம் ஏறத்தாழ 6 அடி. ஆகவே படகைத் தேர்ந்தெடுக்கும்போது கடலின் நடுப்பகுதியை மறந்துவிடுங்கள். கரைக்குத் திரும்பும் கடைசி அரை மைலை அது எப்படிக் கடக்கும் என்பதுதான் கணக்கு.

முதலில் அடிப்பகுதி. தட்டையான அடி குறைந்த தண்ணீரில் மிதக்கும், சேற்றில் உட்கார்ந்தாலும் சாயாது. ஆனால் ஆழமில்லாத கடலில் அலை குட்டையாகவும் நெருக்கமாகவும் வரும். எதிர்க்காற்றில் தட்டையடிப் படகு ஒவ்வொரு அலையிலும் பொத்தென்று விழுந்து முதுகெலும்பைப் பதம் பார்க்கும். பக்கக் காற்றிலோ நண்டு போல ஒருச்சாய்ந்து நகரும். இந்தச் சிக்கல் பழையது. அதிராம்பட்டினம் பக்கத்து வத்தையை எடுத்துக்கொள்ளுங்கள். அடி தட்டை, பக்கங்கள் செங்குத்து, மொத்தத்தில் நீளப் பெட்டி மாதிரி. பாய் ஓட்டத்தில் அது பக்கவாட்டில் வழுக்காமலிருக்கத் தண்ணீருக்குள் பலகை இறக்கினார்கள். சாயாமலிருக்கக் குறுக்கே ஒரு பலகையை வெளியே நீட்டி அதன்மேல் ஆள் ஏறி நின்றார். இன்று எஞ்சின் வந்துவிட்டதால் அந்தப் பலகைகள் தேவைப்படவில்லை. அடி வடிவத்தின் நியாயம் மட்டும் மாறவில்லை.

என் கணிப்பில் எங்கள் கரைக்கு ஏற்றது, அணியத்தில் கத்திபோலத் தொடங்கி நடுவுக்கு வருமுன்பே தட்டையாகிவிடும் அடி. நடுவில் விரற்கடை உயரத்துக்கு ஓர் ஏரா, அதாவது நீளவாக்கில் ஓர் அடிவரம்பு, ஓடினால் போதும், திசை நிற்கும். அந்த ஏராவின்மேல் கூடுதலாக ஃபைபர் பட்டை ஒட்டித் தரச் சொல்லுங்கள். சேற்றுக்குள் புதைந்து கிடக்கும் சிப்பி ஒவ்வொரு நாளும் அதைத்தான் அரைக்கும். பட்டை தேய்ந்தால் மறுபடி ஒட்டிக்கொள்ளலாம், உடம்பு தேய்ந்தால் முடியாது.

"இது முக்கால் அடித் தண்ணியில மிதக்கும்" என்று கட்டுகிற இடத்தில் சொல்வார்கள். வெறும் படகு மிதக்கும்தான். 18 அடி நீளமும் 5 அடி அகலமும் உள்ள தட்டையடிப் படகு கூடுதலாக ஓர் அங்குலம் அமிழ ஏறத்தாழ 150 கிலோ எடை போதும். இரண்டு ஆள், நிறைந்த ஐஸ் பெட்டி, நனைந்த வலை, எரிபொருள் கேன் என்று அடுக்கினால் நானூறு கிலோவைத் தாண்டும். மூன்று அங்குலம் அங்கேயே போய்விட்டது. முழங்கால் தண்ணீரில் மூன்று அங்குலம் என்பது படகில் உட்கார்ந்து வருவதற்கும் இறங்கித் தள்ளுவதற்கும் உள்ள வித்தியாசம். அதனால் சுமையேற்றி நிறுத்தி, நீர்மட்டத்தில் சாக்பீஸால் கோடு போட்டுப் பார்த்த பிறகே விலை பேசுங்கள்.

பழைய படகு வாங்குவதாக இருந்தால், தெரிந்த ஃபைபர் மேஸ்திரி ஒருவரைக் கூட்டிப் போங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலி வீண்போகாது. எங்கள் பக்கத்து மேஸ்திரி ஒருவர் கையில் சின்ன மரச்சுத்தியலோடு படகைச் சுற்றி வருவார். அணியத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு சாண் இடைவெளியிலும் ஒரு தட்டு. "டொக்குனு வந்தா சரி தம்பி. தொப்புனு வந்தா உள்ள ஃபைபர் மேட்டு விட்டுப்போச்சு." தொப்பென்று ஒலித்த இடத்தைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போடுவார். வட்டம் அடிப்பக்கத்தில் ஒன்றிரண்டு இருந்தால் வெட்டியெடுத்துப் புதிதாக மேட்டும் ரெசினும் வைத்துவிடலாம். எஞ்சின் மாட்டும் பின்பலகையைச் சுற்றி இருந்தால் அவர் சுத்தியலைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அவர் கிளம்புவதற்குக் காரணம் உண்டு. பல படகுகளில் பின்பலகையின் உள்ளே பிளைவுட் இருக்கும், மேலே ஃபைபர் போர்த்தியிருக்கும். போல்ட் துளைகளைச் சரியாக அடைக்காவிட்டால் அதன் வழியே உப்புத் தண்ணீர் இறங்கிப் பிளைவுட்டை ஊற வைத்துவிடும். வெளியே பெயின்ட் பளபளக்கும். கண்டுபிடிக்க எளிய வழி, எஞ்சினை மாட்டித் தூக்கிவைத்து அதன் காலைப் பிடித்து மேலும் கீழும் அழுத்துவது. பின்பலகை மூச்சு விடுவது போல அசைந்தாலோ, போல்ட் ஓரத்தில் பழுப்புத் தண்ணீர் கசிந்தாலோ வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இப்போது எஞ்சின். எங்கள் கரையில் போட்டி இரண்டுக்குள்தான். ஒன்று, பின்பலகையில் மாட்டும் மண்ணெண்ணெய் அவுட்போர்டு. பெரும்பாலும் யமஹா, சிலரிடம் சுசுகி. மற்றொன்று, நீளமான ஷாஃப்ட் வைத்த டீசல் எஞ்சின்.

அவுட்போர்டில் எல்லாரும் குதிரைத் திறனைக் கேட்பார்கள், காலின் நீளத்தைக் கேட்க மாட்டார்கள். கட்டைக்கால் 15 அங்குலம் உயரமுள்ள பின்பலகைக்கு, நெட்டைக்கால் 20 அங்குலத்துக்கு. புரொப்பல்லருக்கு மேலே கிடையாக ஒரு தட்டு இருக்கிறதே, அது படகின் அடிமட்டத்துக்கு நேராகவோ ஓர் அங்குலம் கீழாகவோ நிற்க வேண்டும். அதற்கும் மேலே போனால் புரொப்பல்லர் காற்றை இழுத்து, எஞ்சின் கத்துமே தவிர படகு நகராது. கீழே போனால் சேற்றை உழும். கட்டைக்கால் படகில் நெட்டைக்கால் எஞ்சினை மாட்டிக்கொண்டு, கரையில் தட்டுகிறது என்று புலம்புவோரைப் பார்த்திருக்கிறேன். கைக்கு வந்த விலையில் கிடைத்தது என்பார்கள். அந்த ஐந்து அங்குலத்துக்கு ஆயுள் முழுக்க வட்டி கட்ட வேண்டும். சில மாடல்களில் எஞ்சினைப் பாதி தூக்கி நிறுத்தி மெதுவாக ஓட்ட ஒரு கொக்கி இருக்கும். ஆழமில்லாத இடத்துக்கென்றே வைத்தது அது. அந்த நிலையில் வேகம் கொடுக்கக்கூடாது, தண்ணீர் இழுக்கும் துவாரம் மேலே வந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அவுட்போர்டுக்குச் சேறுதான் நோய். எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரைக் கடலிலிருந்தே அது இழுக்கிறது. சேற்றுக்கரையில் ஒரு பருவம் ஓடிய பம்பைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே சுழலும் ரப்பர் சக்கரத்தின் இதழ்கள் ஒரே பக்கமாக வளைந்து, நுனி தேய்ந்து கறுத்திருக்கும். அது சுழலும் எஃகுக் கிண்ணத்தில் வட்டம் வட்டமாகக் கீறல். மணலும் சேறும் போட்ட கோலம் அது. எஞ்சின் பக்கத்திலிருந்து பீய்ச்சும் சின்னத் தண்ணீர்த் தாரையில் எப்போதும் ஒரு கண் இருக்கட்டும். தாரை மெலிந்தால் உடனே நிறுத்துங்கள், கடல்புல் அடைத்திருக்கும். ரப்பர் சக்கரம் ஒன்று எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும். கரைக்கு வருமுன் மண்ணெண்ணெயை மூடிப் பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டி அணைத்தால் மறுநாள் விடியற்காலையில் கயிறு இழுத்து இழுத்துத் தோள் கழலாது.

டீசல் நீள் ஷாஃப்டில் இந்தத் தொல்லை இல்லை. காற்றால் குளிரும் எஞ்சின் சேற்றைக் குடிப்பதில்லை. கைப்பிடியை அழுத்தினால் புரொப்பல்லர் மேலே எழும்பும், சிக்கிய புல்லையும் நைலான் நூலையும் கையாலேயே எடுத்துவிடலாம். ஆனால் காது போகும், அதிர்வில் போல்ட் கழன்றுகொண்டே இருக்கும், பின்னோக்கி ஓட வழியில்லை, படகுகள் நெருங்கி நிற்கும் இடத்தில் அந்த நீள வாலைத் திருப்புவது பெரும்பாடு. கரையை ஒட்டி நண்டு, இறால் என்று பிழைப்பவருக்கு நான் டீசலைத்தான் சொல்வேன். தூரம் போய் வருபவர் அவுட்போர்டு வாங்கட்டும். எதை வாங்கினாலும் முழங்கால் தண்ணீரில் எஞ்சினைத் தூக்கிவிட்டுக் கழி ஊன்றுங்கள். ஆழமில்லாத இடத்தில் வேகம் கொடுத்தால் படகின் பின்பக்கம் அமிழும், தட்டாத இடத்திலும் தட்டும். இன்னொன்று, புரொப்பல்லர் கீறிய கடல்புல் படுகை சீக்கிரம் ஆறாது. நண்டுக்குஞ்சும் இறால்குஞ்சும் வளர்வது அதில்தான், ஆவுளியா என்னும் கடற்பசு மேய்வதும் அதைத்தான். தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டரை 2022இல் அரசு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்ததும் இந்தப் புல்லை வைத்துத்தான்.

கழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 14, 15 அடி நீளத்தில் முற்றிய மூங்கில் நல்லது. அடிமுனையில் கையகல மரக்கட்டை ஒன்றைக் குறுக்கே பொருத்திவிடுங்கள். இல்லாவிட்டால் ஊன்றிய கழி சேற்றில் இறங்கிக்கொண்டு, படகு முன்னே போகும், நீங்கள் கழியோடு பின்னே தொங்குவீர்கள். அதிலேயே அடிக்கொரு கோடு போட்டுவிட்டால் ஆழம் பார்க்கும் கருவிக்குச் செலவில்லை. நங்கூரமும் அப்படித்தான். நாலு கொக்கி நங்கூரம் பாறைக்கு நல்லது, இளகிய சேற்றில் கோடு இழுத்துக்கொண்டு வரும். அகலமான தட்டு வைத்ததைத் தேடுங்கள். கயிறு ஆழத்தைப் போல ஐந்து மடங்காவது விட வேண்டும். ஆழமே குறைவு என்பதால் கயிறு செலவு பெரிதில்லை.

பாரத்தை அடுக்குவது தனிக் கலை. எஞ்சின் பின்னால், எரிபொருள் பின்னால், ஓட்டுபவரும் பின்னால். ஐஸ் பெட்டியையும் அங்கேயே வைத்தால் அணியம் வானத்தைப் பார்க்கும், பின்பக்கம் தரையைத் தேடும். பெட்டி நடுவுக்குச் சற்று முன்னே இருக்கட்டும். வலை ஏற்றும் பக்கத்தில் விளிம்பு வழவழப்பாக, ஆணித்தலை, போல்ட் முனை எதுவும் துருத்தாமல் இருக்க வேண்டும். நண்டு வலையின் நூல் மெல்லியது, ஒரு போல்ட் முனை போதும் ஒரு முழ வலையைக் கிழிக்க.

வாங்குமுன் செய்ய வேண்டிய ஒரு சோதனையை யாரும் செய்வதில்லை. நம் கரையில் அதற்குக் காசும் ஆகாது. படகை இடுப்புத் தண்ணீரில் நிறுத்தி, எஞ்சினைக் கழற்றிவிட்டு, மூன்று பேர் ஒரே விளிம்பில் போய் நில்லுங்கள். வலை இழுக்கும்போது நடப்பது அதுதான். விளிம்பு தண்ணீரைத் தொட்டுவிட்டால் அகலம் போதாது. பிறகு வாளியால் மொண்டு படகை முழுக்கத் தண்ணீரால் நிரப்புங்கள். அடைத்த அறைகளுக்குள் தெர்மகோலோ ஃபோமோ ஒழுங்காக வைத்திருந்தால் விளிம்பு வெளியே தெரிய, சாயாமல் மிதக்கும். ஒருபக்கமாகக் கவிழ்ந்தாலோ பின்பக்கம் மூழ்கினாலோ உள்ளே என்ன வைத்தார்கள் என்று கேட்க வேண்டியதே இல்லை.

பதிவு, காப்பீடு, வரி விலக்கு டீசலுக்கான பாஸ்புக் எல்லாம் மீன்வளத்துறை அலுவலகத்தில் முடிக்க வேண்டியவை. பழைய படகென்றால் முந்தையவர் பெயரிலிருந்து மாற்றாமல் பணத்தை முழுதாகக் கொடுக்காதீர்கள். எஞ்சின் எண்ணும் பதிவில் உள்ளதும் ஒன்றுதானா என்று நீங்களே குனிந்து பாருங்கள்.

ஓட்டிப் பார்க்கும் காலமும் முக்கியம். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மன்னார் வளைகுடா குமுறிக்கொண்டிருக்க, எங்கள் பக்கம் பெரும்பாலும் குளம் போலக் கிடக்கும். அன்றைக்கு எந்தப் படகும் நல்ல படகுதான். ஐப்பசி, கார்த்திகையில் வாடை எழும்பிக் குட்டை அலை அடிக்கும் நாளாகப் பார்த்து, சுமையேற்றி, காற்றுக்கு எதிரே ஒரு மைல் போய், தண்ணீர் வற்றிய நேரத்தில் கரைக்குத் திரும்புங்கள். அதற்கு விற்பவர் சம்மதிக்காவிட்டால் அட்வான்ஸ் கொடுக்காமல் வீடு திரும்பிவிடலாம்.