அழற்சியும் மனச்சோர்வும் நமது சாப்பாடும்



காலில் முள் ஏறினால் அந்த இடம் சிவந்து, வீங்கி, சூடாகி வலிக்கும். கிருமியோடு உடம்பு சண்டை பிடிப்பதன் அடையாளம் அது. இதற்கு அழற்சி என்று பெயர். காயம் ஆறினதும் அதுவும் அடங்கிவிட வேணும். ஆனால் சிலருக்கு அடங்குவதில்லை. சாம்பலுக்குள் கிடக்கும் தணல் மாதிரி வெளியே தெரியாமல் வருடக்கணக்கில் உடம்புக்குள் கிடக்கும். வயிற்றுக் கொழுப்பு, நீரிழிவு, புகைத்தல், முரசு நோய், நித்திரைக் குறைவு, ஓயாத கவலை எல்லாம் அந்தத் தணலை ஊதிவிடும்.

இது மனதை எப்படித் தொடும்? டெங்கு வந்து கிடந்தவர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. சாப்பாடு பிடிக்காது, ஆட்களோடு கதைக்க மனம் வராது, மூலையில் சுருண்டு கிடக்கவே தோன்றும். அழற்சியின்போது இரத்தத்தில் கலக்கும் சில இரசாயனங்கள் மூளைக்கும் சேதி அனுப்புகின்றன. முன்பு ஈரலைத் தாக்கும் ஒரு வைரஸ் நோய்க்கு இன்டர்பெரோன் என்ற ஊசி போட்டார்கள். அதுவும் அந்த வகை இரசாயனம்தான். அதைப் போட்டவர்களில் பலருக்கு மனச்சோர்வு வந்ததை வைத்தியர்கள் கண்டார்கள்.

ஆகவே ஒருவர் இரண்டு கிழமைக்கு மேலாக "ஒண்டுலயும் மனம் போகுதில்ல" என்று சொன்னால், அவரைச் சோம்பேறி என்றோ, பேய் பிடிச்சது என்றோ கதைப்பது நியாயமில்லை. எல்லா மனச்சோர்வும் அழற்சியால் வருவதும் இல்லை. மனச்சோர்வு உள்ளவர்களில் நாலில் ஒருவர் அளவுக்குத்தான் இரத்தத்தில் அழற்சி கூடியிருக்கக் காண்கிறார்கள். 1978 சூறாவளியிலும் 2004 சுனாமியிலும் யுத்தத்திலும் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு முருங்கை இலைதான் மருந்து என்று நாம் சொல்ல வரவில்லை.

என்றாலும் சாப்பாட்டுக்கு ஒரு பங்கு உண்டு. அவுஸ்திரேலியாவில் பேராசிரியை பெலிஸ் ஜாக்கா குழுவினர் மனச்சோர்வுள்ள 67 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2017இல் வெளிவந்தது. ஒரு பகுதியினருக்குச் சாப்பாட்டை மாற்றப் பழக்கினார்கள்: தீட்டாத தானியம், மரக்கறி, பழம், பருப்பு வகை, மீன், கொட்டை வகை. இனிப்பும் பொரியலும் குறைத்தார்கள். மற்றவர்களோடு ஆறுதலாகக் கதைத்து மட்டும் வந்தார்கள். 12 கிழமை முடிய, சாப்பாடு மாற்றியவர்களில் மூன்றில் ஒருவர் அளவுக்கு மனச்சோர்வு நீங்கியிருந்தது. மற்றப் பக்கத்தில் நூற்றுக்கு 8 பேர்தான். அது சின்ன ஆய்வு. அதோடு அவர்களில் அநேகர் குளிசையோ வேறு சிகிச்சையோ எடுத்துக்கொண்டிருந்தவர்கள். இதை மறக்கக் கூடாது.

"வெள்ளைக்காரன் சாப்பாட்டுக்கு எங்களிட்ட காசு எங்க?" என்று கேட்பீர்கள். அந்த ஆய்வில் புதுச் சாப்பாட்டின் செலவு பழையதை விடக் குறைவாகவே வந்தது. இங்கேயும் கணக்குப் பாருங்கள். காலையில் பாணும் சீனி கூடின தேத்தண்ணியும், பத்து மணிக்கு பணிஸ், பின்னேரம் சோடா. இந்தக் காசுக்குக் கௌபியோ பயறோ அவிக்கலாம். குரக்கன் பிட்டு, தவிடு நீக்காத சிவப்பரிசிச் சோறு, வேலியில் நிற்கிற முருங்கை இலை, வல்லாரை, பொன்னாங்காணி. பெரிய மீன் வாங்க முடியாவிட்டால் சூடை, சாளை, கீரி வாங்குங்கள். அழற்சியைத் தணிக்க உதவும் கொழுப்பு இந்தச் சின்ன மீன்களில் தாராளம். பொரிக்காமல் ஆணம் காய்ச்சுவது நல்லது. மரமுந்திரிகைக் கொட்டை நாம் பொறுக்குவதற்குத்தான், தின்னக் கட்டாது. ஒரு கை கச்சான் போதும்.

குளிசை எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அதை நிறுத்த வேண்டாம். இரத்தச்சோகையும் தைரொயிட் குறைபாடும் இதே சோர்வைத் தரும் என்பதால் இரத்தத்தையும் சோதிப்பது நல்லது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு உண்டு. சாக வேணும் என்ற எண்ணம் வந்தால் நாள் பார்க்காமல் உடனே போங்கள், அல்லது தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் பேசுங்கள். கிளினிக்குக்குப் போக லீவு தேவையானவர்கள் முதல் நாளே எங்களிடம் சொல்லுங்கள். காரணம் கங்காணிக்குத் தெரியவேண்டியதில்லை.