ஒடியாக் குடும்பப்பெயர்கள்: பணி, பட்டம், அடையாளம்

முன்னுரை

மக்கட்பெயர்கள் ஒரு சமூகத்தின் அரசியல், தொழில், வழிபாடு ஆகியவற்றின் வரலாற்றைப் பொதிந்து வைத்துள்ளன. ஒடியா மொழி பேசுவோர் இயற்பெயருக்குப் பின் குடும்பப்பெயரைச் சேர்த்து வழங்குகின்றனர். இவற்றைச் சாதிப்பெயர்களாக மட்டுமே கொள்ளும் போக்கு உண்டு. ஆனால், இவற்றுட் பல தொடக்கத்தில் பணியையோ பட்டத்தையோ குறித்தவை. ஆகவே, குடும்பப்பெயரை மட்டும் கொண்டு ஒருவரது சாதியை உறுதிசெய்ய இயலாது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

அரசுப்பணிப் பெயர்கள்

வடமொழிப் 'பாத்ர' என்னும் சொல்லுக்குக் கலம் என்பதோடு அமைச்சர் என்னும் பொருளும் உண்டு. எனவே 'மகாபாத்ரா' என்பது பேரமைச்சரைக் குறித்த பட்டமாகும். 1817ஆம் ஆண்டில் குர்தாவில் எழுந்த பைக்கர் கிளர்ச்சியை வழிநடத்திய பக்ஷி ஜகபந்துவின் முழுப்பெயரில் வித்யாதர, மகாபாத்ர, ப்ரமரபர, ராய் ஆகிய பட்டங்கள் தொடர்ந்து வருகின்றன. 'பக்ஷி' என்பதும் படைத்துறைப் பதவியின் பெயரே. 'சேனாபதி' படைத்தலைவரைக் குறிக்கும். எனினும் ஃபகீர் மோகன் சேனாபதி (1843–1918) ஆசிரியராகவும் திவானாகவும் பணியாற்றிய எழுத்தாளர் ஆவார். பணி மறைந்த பின்னும் பெயர் நிலைத்தமைக்கு இது சான்றாகும்.

வழிபாடு சார்ந்த பெயர்கள்

பூரி ஜகந்நாதர் கோயிற்பணிகள் பல குடும்பப்பெயர்களைத் தந்துள்ளன. 'மகாசுவார்' மடைப்பள்ளிப் பணியையும் 'பிரதிஹாரி' வாயிற்காவலையும் சுட்டுகின்றன. அடியார் எனப் பொருள்படும் 'தாஸ்' பக்தி வழியாகவும் பெயரோடு இணைந்தது. 15ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாரளா தாஸின் இயற்பெயர் சித்தேஸ்வர் பரிடா ஆகும். சாரளா தேவியின் அடியவர் என்பதால் அவர் அப்பெயர் பெற்றார். இங்குத் 'தாஸ்' என்பது சாதியைச் சுட்டவில்லை.

ஒரு பெயர், பல சமூகங்கள்

'மகாபாத்ரா' என்னும் பெயர் பரவியுள்ள எல்லை கருதத்தக்கது. ஒடிசி நடனக் கலைஞர் கேளுசரண் மகாபாத்ரா ரகுராஜ்பூரின் ஓவியர் குடும்பத்தவர். கவிஞர் ஜயந்த மகாபாத்ரா கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய பாட்டனார் 1866ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது மதம் மாறியவர். மதம் மாறிய பின்னும் குடும்பப்பெயர் மாறவில்லை. மேவார் அரசர்களின் பட்டமான 'மகாராணா' என்பது ஒடிசாவில் தச்சர், சிற்பியர் குடும்பங்களுக்கு வழங்குகிறது.

எழுத்தும் ஒலியும்

ஒடியாவில் 'தாஶ', 'தாஸ' என்னும் இரு குடும்பப்பெயர்கள் உள்ளன. முன்னது பெரும்பாலும் அந்தணர்க்கும் பின்னது பிறர்க்கும் உரியது என்பர். பேச்சில் இரண்டும் 'ஸ' ஒலியுடனேயே வழங்குகின்றன. வேறுபாடு எழுத்தில் மட்டுமே உள்ளது. ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பின்பற்றி முன்னதைத் தமிழில் 'டேஷ்' என எழுதுவது மூலமொழியின் எழுத்துக்கும் ஒலிக்கும் பொருந்தாது. மொழிபெயர்ப்பாளர்கள் மூல எழுத்தை நோக்கிப் பெயர்களைத் தருதல் நலம்.

பழங்குடிக் குலப்பெயர்கள்

ஒடிசாவில் வாழும் சந்தாலிகளின் 'முர்மு', 'ஹான்ஸ்தா' முதலியன மேற்கண்டவற்றினின்று வேறானவை. அவை பட்டங்கள் அல்ல, குலப்பெயர்கள். ஒரே குலத்தினர் தமக்குள் மணம் செய்வதில்லை. இங்குப் பெயர் மணவுறவின் எல்லையை வரையறுக்கிறது.

முடிவுரை

ஒடியாக் குடும்பப்பெயர்களில் அரசுப்பதவி, கோயிற்பணி, பக்தி, குலம் என வெவ்வேறு தோற்றுவாய்கள் உள்ளன. ஒரே பெயர் பல சமூகங்களில் வழங்குவதால், ஊர், குடும்ப வரலாறு, மூல எழுத்து ஆகியவற்றோடு இணைத்து நோக்கும்போதே குடும்பப்பெயர் ஆய்வுச் சான்றாகும் தகுதியைப் பெறுகிறது.