தலையைத் தூக்கிப் பாரு

கிணற்றில் மயங்கி விழுந்தவரைத் தூக்குவதைவிட, அவரைக் காப்பாற்ற இறங்கியவரின் உடலைத் தூக்குவதுதான் எனக்குத் தாங்க முடியாத வேலை. கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் காட்டுக் கிணறுகள் ஆழமானவை. தூர்வார ஒருவர் இறங்குவார். தண்ணீர் இறைக்க டீசல் மோட்டாரையும் உள்ளேயே வைத்து ஓட்டுவார்கள். அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அவர் சரிந்ததும் தம்பி இறங்குவான்; தம்பி சத்தம் கொடுக்கவில்லை என்று மச்சினன் இறங்குவார். தீயணைப்பு வீரர்களான நாங்களே மூச்சுக் கருவி மாட்டாமல் அங்கே கால் வைக்க மாட்டோம்.

டியூட்டி இல்லாத நேரத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஹாக்கி சொல்லிக்கொடுக்கிறேன். நம் பிள்ளைகளிடம் துணிச்சலுக்குக் குறைவே இல்லை. ஓடுவதற்கு முன்னால் பார்க்கும் பழக்கம்தான் இல்லை. மைதானத்திலும் கிணற்றடியிலும் நான் காண்பது இதைத்தான்.

எங்கள் ஊருக்கு ‘ஹாக்கிப்பட்டி’ என்றே ஒரு பெயர் உண்டு. எங்கள் ஊர்ப் பையன் மாரீஸ்வரன் சக்திவேல் 2022இல் ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்கு ஆடிய பிறகு, தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போகும் அம்மாக்களே பிள்ளைகளை இருட்டோடு எழுப்பி அனுப்புகிறார்கள். புதிதாக வரும் பிள்ளையின் கண் பந்தைவிட்டு நகராது. எதிராளி எங்கே நிற்கிறான், காலி இடம் எங்கே இருக்கிறது, எதுவும் தெரியாது. அதனால் பந்து வருவதற்கு முன்பே இரண்டு தோளுக்கும் மேலாகத் திரும்பி, பின்னால் நிற்பவன் காட்டும் விரல் எத்தனை என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் பாஸ் கிடைக்கும்.

அந்தச் சூட்டோடு கேட்பேன்: “கண்மாயில ஒருத்தன் முங்குறான்லே, என்ன செய்வ?” புதியவன், “குதிப்பேன் சார்” என்பான். பழகியவன், “கரையில என்ன கிடக்குன்னு பாப்பேன் சார்” என்பான். கரம்பை அள்ளிய பள்ளங்கள் தண்ணீருக்கு மேலே தெரியாது. நீச்சல் தெரிந்தவனையும், முங்குகிறவன் கழுத்தைக் கட்டிக்கொண்டால் உள்ளே இழுத்துவிடுவான்.

ஆகவே வார்ம்-அப்பிலேயே கேன் எறியும் பயிற்சியும் உண்டு. மூடியுள்ள ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேனில் நீளமான கயிறு கட்ட வேண்டும். உள்ளே ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி மூடினால் காற்றில் அலையாமல் தூரமாகப் போகும். ஒருவன் தலையைத் தண்ணீருக்கு மேலே வைத்திருக்க அந்தக் கேன் போதும். கயிற்றின் மறுமுனையைக் காலால் மிதித்துக்கொண்டு, ஆளைத் தாண்டி எறிந்து, பிறகு அவன் கைக்கு இழுத்துவர வேண்டும். கேன் இல்லையா, வேட்டி, துப்பட்டா, நீளக் கம்பு எதுவானாலும் கரையில் படுத்துக்கொண்டு நீட்டலாம். நின்றபடி நீட்டினால் அவன் நம்மை இழுத்துவிடுவான்.

1944 ஏப்ரல் 14இல் பம்பாய்த் துறைமுகக் கப்பல் வெடிப்பில் இறந்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக ஆண்டுதோறும் தீத்தொண்டு வாரம் நடத்துகிறோம். செயல்விளக்கத்துக்குப் பிள்ளைகள் கை தட்டுகிறார்கள். அது அவசியம்தான். ஆனால் வருடத்துக்கு ஒருமுறை பார்த்தது, பதறும் நேரத்தில் கைக்கு வராது. தினமும் செய்ததுதான் வரும். கபடியோ வாலிபாலோ, எதைச் சொல்லிக்கொடுப்பவரும் இந்த மாதிரிப் பயிற்சிக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கலாம்.

ஹாக்கியில் குனிந்து ஓடுவதையே தீப்பிடித்த இடத்துப் புகையிலிருந்து தப்பவும் பழக்குகிறேன். புகை மேலே ஏறும், மூச்சுக் காற்று தரையோரம்தான் மிஞ்சும். சமையல் கேஸ் அப்படியே தலைகீழ். காற்றைவிடக் கனமானது, தரையில் தேங்கும். அங்கே தவழக் கூடாது, சுவிட்சைத் தொடக் கூடாது, கதவைத் திறந்துவிட்டு வெளியேற வேண்டும்.

101 அல்லது 112க்குப் பேசவும் பழக்க வேண்டும். பதற்றத்தில் பிள்ளைகள் ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டு போனை வைத்துவிடுவார்கள். எந்த ரேஷன் கடை, எந்தத் தண்ணித் தொட்டி என்று அடையாளம் சொல்லி, ஒருவன் மெயின் ரோட்டில் நின்று வண்டியைக் கைகாட்டி அழைத்துவர வேண்டும். வண்டி வழி தேடும் நேரத்தில்தான் எத்தனையோ உயிர் போகிறது.

கோடை லீவு தொடங்கும்போது, தோட்டத்து மோட்டார் ரூமில் ஒரு கேனும் கயிறும் மாட்டிவைக்கும்படி பிள்ளைகள் மூலமே பெற்றோரிடம் கேட்கிறேன். சில தோட்டங்களில் மாட்டியிருக்கிறார்கள். கிணறு வைத்திருக்கும் மற்றவர்களும் தயவுசெய்து மாட்டுங்கள். கேன் வீட்டிலேயே காலியாகக் கிடக்கும், கயிறு மட்டும் வாங்கினால் போதும்.