தொலைக்காட்சியை அணைத்த அரை மணி நேரம்

பக்கவாதத்தால் பேச்சை இழந்தவர் வீடு திரும்பியதும், பல குடும்பங்கள் செய்யும் முதல் ஏற்பாடு, கட்டிலுக்கு எதிரே தொலைக்காட்சிப் பெட்டியை வைப்பதுதான். "அப்பாவுக்குப் பொழுது போகட்டும் என்று நாள் முழுதும் போட்டு வைத்திருக்கிறோம், டாக்டர்" என்று புறநோயாளிப் பிரிவில் பலர் என்னிடம் கூறுவதுண்டு. அன்பினால் செய்வதுதான், ஆயினும் அது அவருக்குத் துணையாவதில்லை.

பெரும்பாலும் மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்படும்போது அஃபேசியா எனப்படும் பேச்சிழப்பு உண்டாகிறது. பக்கவாதம் கண்டவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு இது நேர்கிறது. சொல்லைத் தேடி எடுப்பதும், பிறர் சொல்வதைப் புரிந்துகொள்வதும் கடினமாகின்றன. அறிவு மங்கிவிட்டதென்று பொருளன்று. வீட்டாரை அவர் அறிவார். தம் நிலையையும் அறிவார். பின்னணியில் தொலைக்காட்சி ஒலிக்கும்போது, நீங்கள் பேசுவதைப் பிரித்தறிய அவர் பெரிதும் பாடுபட வேண்டியிருக்கிறது. அதுமட்டுமன்று, தொலைக்காட்சி அவரிடம் எதையும் கேட்பதில்லை, பதிலுக்குக் காத்திருப்பதுமில்லை. இழந்த சொற்கள் மீள்வதற்கு, ஒருவர் கேட்க மற்றவர் சொல்ல முயலும் பரிமாற்றம் தேவை. முதல் மூன்று மாதங்களில் முன்னேற்றம் பொதுவாக விரைவாக இருக்கும். அந்த நாட்கள் நெடுந்தொடர்களில் கழிந்துவிடுவதே என் கவலை. மூன்று மாதம் கடந்துவிட்டவர்களும் மனம் தளர வேண்டாம். அதன் பின்னரும் பேச்சு தேறுவதுண்டு.

நாள்தோறும் அரை மணி நேரமாவது தொலைக்காட்சியை அணைத்து, கைபேசிகளை அடுத்த அறையில் வைத்துவிட்டு, அவர் முகத்துக்கு நேரே அமருங்கள். ஒரு நேரத்தில் ஒருவரே பேசுங்கள். "என்ன வேண்டும்?" என்பதைவிட "இட்லியா, தோசையா?" என்பது அவருக்கு எளிது. கேட்டபின் காத்திருங்கள். பத்து விநாடி மௌனம் நமக்கு நெடுநேரமாகத் தோன்றும்; அதற்குள் சொல்லை எடுத்துக் கொடுத்துவிடுவோம். வாழ்க்கைத்துணைக்கு இதை அடக்குவது மிகக் கடினம் என்பதைக் கண்டிருக்கிறேன். அவர் திணறும்போது உங்கள் கண் கைபேசிக்குப் போனால், அவர் முயற்சியையே கைவிட்டுவிடக்கூடும்.

பழைய திருமண ஆல்பம் நல்ல தொடக்கம். ஒரு சொல்லும் வராத சிலர், பழகிய பாட்டைச் சேர்ந்து பாடுவர். ஒன்று, இரண்டு என வரிசையாக எண்ணுவர். பேரப்பிள்ளைகளுடன் தாயம் ஆடலாம். கட்டையை உருட்ட இடக்கை போதும். விழுந்த எண்ணைச் சொல்வதே பயிற்சி. அவர் விரும்பும் கிரிக்கெட்டைத் தடுக்க வேண்டியதில்லை, அது வேறு நேரத்தில் இருக்கட்டும்.

விழுங்குவதில் சிரமம் உள்ளவருக்கு உணவு வேளையை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். வாயில் உணவிருக்கும்போது பேசினால் புரையேறும். களைப்புத் தெரிந்தால், பத்து நிமிடமே ஆகியிருந்தாலும், நிறுத்திவிடுங்கள். புதிதாக வந்த சொற்களை ஒரு நோட்டில் குறித்து, அடுத்த முறை வரும்போது பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள்.