கழுத்துக் குழாயும் கிருமியும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கொல்லிமலையின் ஆலத்தூர் நாட்டில் ஒருவருக்குச் சிறுநீரகம் பழுதானாலோ, உயிருக்கு ஆபத்தான நிலை வந்தாலோ, மலையை விட்டு நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ இறங்க வேண்டியிருக்கும். அங்கே கழுத்திலோ தோள்பட்டைக்குக் கீழேயோ ஒரு குழாயைச் செலுத்தி, இதயத்தையொட்டிய பெரிய ரத்தக் குழாய் வரை கொண்டுபோவார்கள். அதுதான் சென்ட்ரல் லைன். கிருமி அதில் ஏறினால் நேரே ரத்தத்தில் கலந்துவிடும். கூட இருக்கும் உறவினர்களிடம் இதைப் பற்றி நிலவும் சில நம்பிக்கைகளைத் திருத்தியாக வேண்டும்.

நம்பிக்கை: ஐசியூ என்றால் கிருமி வரத்தான் செய்யும், அது தலையெழுத்து.

இதைத்தான் முதலில் கைவிட வேண்டும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மருத்துவர் பீட்டர் புரோனோவோஸ்ட் குழுவினர் நூற்றுக்கும் மேற்பட்ட ஐசியூக்களில் ஐந்தே செயல்களைக் கட்டாயமாக்கினார்கள். கை கழுவுதல்; குழாய் போடும்போது தொப்பி, முகக்கவசம், கிருமி நீக்கிய அங்கி, கையுறை, நோயாளியை முழுக்க மூடும் துணி; குளோர்ஹெக்ஸிடின் மருந்தால் தோலைத் துடைத்தல்; தொடை இடுக்கில் குழாய் போடுவதை முடிந்தவரை தவிர்த்தல்; தேவை முடிந்ததும் குழாயை எடுத்துவிடுதல். 2006-ல் வெளியான முடிவு: 1000 குழாய் நாட்களுக்கு (ஒரு நோயாளிக்கு ஒரு நாள் குழாய் இருந்தால் அது ஒரு குழாய் நாள்) 2.7 என்றிருந்த இடைநிலைத் தொற்று விகிதம் மூன்றே மாதத்தில் பூஜ்யமானது. புதிய இயந்திரம் எதுவும் வாங்கவில்லை. இந்தியாவில் 2017 முதல் 2024 வரை 200 ஐசியூக்களில் எடுத்த கணக்கில் 1000 குழாய் நாட்களுக்குத் தொற்று விகிதம் ஏறத்தாழ 9. இவ்வளவு தொற்றையும் விதியின் மேல் போடுவது நியாயமில்லை.

நம்பிக்கை: குழாய் தோலுக்குள் போகும் இடம் சுத்தமாக இருந்தால் போதும்.

பாதி உண்மை. நாள் செல்லச் செல்ல கிருமி அதிகம் நுழைவது மருந்து ஏற்றும் வெளிமுனை வழியாக. ஒவ்வொரு முறையும் அந்த முனையை ஸ்பிரிட் பஞ்சால் அழுத்தித் தேய்த்து, காயவிட்ட பிறகே ஊசியை இணைக்க வேண்டும். டிரிப்ஸ் தீர்ந்துவிட்டது என்று உறவினர் தானே மூடியைத் திருகுவது பேராபத்து, சிஸ்டரைக் கூப்பிடுங்கள்.

நம்பிக்கை: மஞ்சளோ மலைத்தேனோ தடவினால் புண் சீக்கிரம் ஆறும்.

நம் தேன் நல்ல தேன்தான், உண்பதற்கு. ஆனால் கிருமி நீக்கப்படாத எதுவும் குழாய் வாயருகே போகக் கூடாது. கோயில் திருநீறு நெற்றியோடு நிற்கட்டும்.

நம்பிக்கை: கையுறை போட்டால் கை கழுவ வேண்டாம்.

தவறு. போடும் முன்பும் கழற்றிய பின்பும் கை சுத்தமாக வேண்டும்.

நம்பிக்கை: முன்கூட்டியே ஆன்டிபயாட்டிக் போட்டால், வாரத்துக்கொரு முறை குழாயை மாற்றினால் தொற்று வராது.

இரண்டையும் வழக்கமாகச் செய்யக் கூடாது என்றே மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. மாற்ற வேண்டியது மேலே ஒட்டும் கட்டு: ஒளி ஊடுருவும் கட்டை ஏழு நாளைக்குள், துணிக்கட்டை இரண்டு நாளுக்கு ஒருமுறை. நனைந்தாலோ பெயர்ந்தாலோ உடனே.

டயாலிசிஸ் குழாயுடன் வீடு திரும்புவோர் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்தில் வரும்போது வியர்வையில் கட்டு நெகிழும், துணியில் குழாய் இழுபடும். ஓடையிலோ அருவியிலோ குளிக்க வேண்டாம். ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துக்கொள்ளுங்கள். கட்டு பெயர்ந்தால் வீட்டில் ஒட்டப் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

வார்டில் இருக்கும்வரை மருத்துவரிடம் தினமும் கேளுங்கள்: "ஐயா, இந்தக் குழாய் இன்னும் தேவையா?" கேட்பது மரியாதைக் குறைவல்ல. வீட்டுக்கு வந்தபின் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், குழாய் போட்ட இடம் சிவந்து சீழ் வைத்தால், கசாயம் வைத்து விடியும்வரை காத்திருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள், குழாய் இருப்பதை முதலிலேயே சொல்லுங்கள்.